கல்படை ஓடையில் இறங்கிய மாயவன்

மாயவன் இறந்த செய்தியை அவருடைய மகள்தான் எனக்குச் சொன்னாள். கள்ளக்குறிச்சியில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதிக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு எதிரே இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“சார், கலைச்செல்வி பேசறேங்க. கேஜ் ரீடர் மாயவன் பொண்ணு. அப்பா காலையில போயிட்டாருங்க.”

கண்ணிலிருந்து கையை எடுத்தேன். அவளே தொடர்ந்தாள். “பதினாறாம் நாள் படத்திறப்பு வச்சிருக்கோம். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும் சார். அவரோட மலையில வேல பாத்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

“எனக்கும் உங்க அப்பாவுக்கும் ஆவாதும்மா” என்றேன்.

“அப்பாவுக்கு யாரோடதான் சார் ஆச்சு? வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனேன். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, ‘கடுமையான உழைப்பாளி, நேர்மையானவர், பழகுவதற்குக் கொஞ்சம் கரடுமுரடு’ என்று இரண்டு நிமிடம் பேசினேன். நம் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற நீங்கள் பலரும் அங்கே இருந்தீர்கள், தலையாட்டினீர்கள். நான் பேசியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொல்லவேண்டியது எதுவும் அதில் இல்லை. ஓய்வுபெற்றோர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

மாயவனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இருவருக்கும் ஒரே வயது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை அளந்து வரைபடம் போடும் பிரிவில் நான் வரைவாளர், அவர் கேஜ் ரீடர். ஓடைக்கரைப் பாறையில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று காலையும் மாலையும் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. அவர் திருநாவலூர்ப் பக்கத்துக் காலனிக்காரர். நான் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்தவன். அந்தக் காலத்தில் அவர் ஊர்க்காரர்கள் என்னைப் போன்றவர்களை ‘ங்க’ போடாமல் கூப்பிட மாட்டார்கள். மாயவன் முதல் நாளே “இன்னா ராமலிங்கம், செருப்போட வந்துட்ட? பாறையில வழுக்குமே” என்றார். அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இன்று இதை எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று ‘அவன்’தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மலையும் எங்களை வரவேற்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாக, மெத்தை போட்டதுபோலத் தெரியும் மலை அது. உள்ளே போனால் கால் வைக்க இடம் தராது. பொட்டியம் ஓடைக்குப் போகும் வழியெல்லாம் முள். ஓடைக்குள் இறங்கினால் ஆள் உயரப் பாறைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது காய்ந்த பாசி எது, ஈரப் பாசி எது என்று தெரியாது. மூன்று முறை விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். மாயவன் ஒருமுறைகூட விழவில்லை. விழுந்தவனுக்குக் கை கொடுக்கவும் இல்லை. மேலே நின்றபடி “ஏந்திரு, நேரமாவுது” என்பார்.

மலையில் இருந்தவர்களுக்கும் எங்களைக் கண்டால் ஆகாது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நாங்கள் அடித்த முளைக்குச்சிகளை மறுநாள் காலையில் பிடுங்கி எறிந்திருப்பார்கள். ஒரு முறை பாதையை மறித்து முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். போலீசுக்கு எழுத வேண்டும் என்று நான் குதித்தேன். மாயவன் மீதியிருந்த முளைகளைத் தானே பிடுங்கி அங்கிருந்த பெரியவர் கையில் கொடுத்துவிட்டார்.

“இன்னா பண்ற? கவர்மெண்டு முளை அது.”

“போன தபா எவனோ வந்து அளந்தான். அவன் நட்ட கல்லுக்கு அந்தாண்ட இவங்க கொல்லையெல்லாம் கவர்மெண்டு காடுன்னு ஆயிடுச்சு. தண்ணிய அளக்கத்தான நம்மள அனுப்பிச்சாங்க? தண்ணிய அளப்போம்” என்றார்.

அதை நான் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் செய்தேன். அவருக்கு மெமோ வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் பகையைத் தொடங்கியவன் நான்தான்.

அவர் தொழிலில் கெட்டிக்காரர். அது எனக்கு இன்னும் எரிச்சல். கல்படை ஓடை ஓரிடத்தில் பாறைகளுக்கு அடியில் போய் மறைந்துவிடும். மேலே நின்று பார்த்தால் வெறும் வறண்ட கற்குவியல், காதை வைத்தால் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். வெகுதூரம் கீழே போய்த்தான் வெளியே வரும். நான் வரைபடத்தில் அதைத் தொடர்ச்சியான கோடாகப் போட்டிருந்தேன். பொறியாளர் முன்னால் மாயவன் அதில் விரலை வைத்து, “இந்த எடத்துல நீ படகு உட்டுக் காட்டு பாப்போம்” என்றார். பொறியாளர் சிரித்துவிட்டார். வரைபடத்தை முழுதாகத் திரும்ப வரைந்தேன்.

மேலே எந்த மடிப்பில் மழை பெய்தால் அடிவாரத்துக்கு எத்தனை நேரத்தில் தண்ணீர் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். எந்த நோட்டிலும் அது இல்லை. மேகத்தைப் பார்த்துச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சமூகத்தவர் ஒரு வாரம் சாலை மறியல் செய்த புரட்டாசியில் நாங்கள் மலைமேல் முகாமில் இருந்தோம். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த என் தம்பிமார்களுக்காக நானும் உள்ளூர ஆசைப்பட்டேன். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், தடியடி நடக்கிறது என்றெல்லாம் வானொலியிலும் வாய்வழியாகவும் செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் எங்கள் கொட்டகைக்குச் சின்னத்தம்பி என்ற மலைக்காரர் ஓடி வந்தார். பக்கத்துச் சிற்றூர்தான் அவருக்கு.

“சாமி, எம் பொஞ்சாதிக்கு முந்தாநாள்லேர்ந்து வலி. பிள்ள வரல. ஒங்க ஜீப்புல ஏத்திக்கினு போங்க சாமி.”

ஜீப்பும் ஓட்டுநரும் எங்களுடன் இருந்தார்கள். “மறியல் நடக்குது, விட மாட்டாங்க” என்றேன். மாயவன் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. சின்னத்தம்பியின் மனைவி வெள்ளச்சியைத் தூக்கி வந்து பின் இருக்கையில் படுக்க வைத்தார். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது. சின்னத்தம்பியும் அவர் அண்ணனும் ஏறிக்கொண்டார்கள். மலையிறக்கம் முழுக்க அந்தப் பெண் சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடிவாரத்தில் முதல் மறியல் எங்கள் ஊரில்தான். இரண்டு புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் நூறு பேர் இருப்பார்கள். ஓட்டுநர் தூரத்திலேயே, ஒரு திருப்பத்தில், வண்டியை நிறுத்திவிட்டார்.

மாயவன் என்னைப் பார்த்தார். “நீ எறங்கிப் போயி சொல்லு. உங்க ஆளுங்கதான். நான் போனா வேற மாதிரி ஆயிடும்.”

இறங்கி நடந்தேன். முன்னால் நின்றவர் என் பெரியப்பா மகன் கண்ணன். முதல் நாள் வாங்கிய அடியில் அவர் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. கையில் அரிவாள், மரம் வெட்டிய அரிவாள்.

“டேய் ராமலிங்கம், நீயா? கவர்மெண்டு வண்டியில வந்து நிக்கற? நாங்க இங்க அடி வாங்கிக்கினு இருக்கோம், நீ ஜீப்புல போய்க்கினு இருக்கியா?”

சுற்றி நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். அன்று எல்லாமே புதிய முகங்களாக இருந்தன.

“வண்டியில யாருடா?”

“ஆபீஸ் ஆளுங்கண்ணா” என்றேன்.

“எங்க போறீங்க?”

“சும்மா... கீழ போலாம்னு. இல்லண்ணா, நான் திரும்பிடறேன்.”

“திரும்பிப் போ. இல்லன்னா வந்து இப்பிடி ஒக்காரு” என்று மரத்தைக் காட்டினார். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி நடந்தேன். ஜீப்புக்கும் அவர்களுக்கும் இடையில் இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியில் ஒரு தடவை நின்று, திரும்பி, ‘அண்ணே, ஒரு புள்ளத்தாச்சி இருக்குது’ என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு மாயவனிடம் சொன்னேன்:

“கேட்டுப் பாத்தேன். விட மாட்டேன்றாங்க.”

மாயவன் ஒரு நிமிடம்தான் யோசித்தார். ரோட்டை விட்டு வயலில் இறங்கினாலும் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். இடதுபுறம் கல்படை ஓடை. மலையிலிருந்து அணைக்குப் போகும் அந்த ஓடையில், நான் வரைபடத்தில் தப்பாகப் போட்ட அந்த இடத்தில், தண்ணீர் கல்லுக்கு அடியில் ஓடுவதால் மேலே நடக்கலாம். நடுவே இரண்டு கரையும் நெருங்கும் ஒரு குறுகலான இடத்தை மட்டும் வெள்ளம் வருவதற்குள் தாண்டியாக வேண்டும். அணையின் கரையைப் பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. மாயவன் மேற்கே பார்த்தார். மலையுச்சி கறுத்துக்கொண்டு வந்தது.

“மேல இப்பத்தான் ஆரம்பிக்குது. இங்க தண்ணி வர்றதுக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள குறுகலான எடத்தத் தாண்டிடலாம்” என்று சின்னத்தம்பியிடம் சொன்னார். ஜீப்பில் கிடந்த தார்ப்பாயை ஒரு மூங்கிலில் தூளியாகக் கட்டினார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முன்னால் சின்னத்தம்பியும் பின்னால் அவர் அண்ணனும் தூக்க, மாயவன் பாறைக்குப் பாறை கால் வைத்துக் காட்டியபடி இறங்கிப் போனார். “இந்தக் கல்லு ஆடும், அடுத்ததுல வய்யி” என்ற குரல் கொஞ்ச நேரம் கேட்டது.

நான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். ரோடு திறந்திருந்தால் அரை மணி நேரப் பயணம்.

தண்ணீர் அவர் சொன்னதைவிட முன்னாலேயே வந்துவிட்டது. முதலில் சத்தம், பிறகு காற்றில் ஒரு சேற்று வாடை. செம்மண் நிறத்தில், கிளைகளையும் வேரோடு ஒரு மரத்தையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. கற்குவியல் கண்முன்னே மறைந்தது. ஓட்டுநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நால்வரும் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். அதோடு இன்னொன்றும் வந்தது. இனி என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. ஒரு நொடிதான் இருக்கும். ஆனால் வந்தது.

அவர்கள் சாகவில்லை. குறுகலான இடத்தைத் தாண்டிக் கரையேறிய பிறகே வெள்ளம் வந்திருக்கிறது. மாயவனின் கணக்கு தப்பியது, கால்கள் தப்பவில்லை. அணைக்கரையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. வெள்ளச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மாயவன் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களைக் கண்டபடி திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் டீக்கடையில் மாயவனுக்கும் கண்ணனுக்கும் வாய்த்தகராறு வந்தது. ஒரு பச்சைப்பிள்ளையைக் கொன்றுவிட்டீர்களே என்று இவர் கத்தியிருக்கிறார். கண்ணன் திகைத்துப் போய், “எந்தப் பிள்ள? எவன் கேட்டான் எங்கள? பொம்பள வலியில இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே மரத்தப் பொரட்டிப் போட்டுத் தூக்கிக்கினு ஓடியிருப்போமே. அதுக்கு முந்தின நாளு ரெண்டு ஆஸ்பத்திரி கேஸ விட்டோமே” என்றாராம்.

அன்று மதியம் மாயவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் ஒரு கோட்டை வரைந்துகொண்டிருந்தேன்.

“நீ கேக்கவே இல்லியாமே.”

நான் தலை நிமிரவில்லை. அவர் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். என்னோடு அவர் ஒரு சொல் பேசவில்லை. அளவு எழுதிய நோட்டை மேசையில் வைப்பார், போவார். சந்தேகம் கேட்டால் சீட்டில் எழுதித் தருவார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. என்னைப் பற்றித் தெரிந்த ஒருவர் தினமும் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தார். மேலதிகாரி கேட்கும்போதெல்லாம் ‘ஒத்துழைக்காதவர், திமிர் பிடித்தவர்’ என்று சொன்னேன். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனதில் என் பங்கு உண்டு. மாயவன் ஒரு முசுடு என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் பாதி நான். மீதிப் பாதி உண்மை. அவர் முசுடுதான்.

நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்யாணத்தில் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார வேண்டியதாகிவிட்டது. எழுந்து போக முடியாத நெரிசல். நான்தான் ஆரம்பித்தேன். “மாயவன், அந்தக் காலம் அப்படி. ஊரே கொதிச்சுக்கினு இருந்துது.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “காலம் இன்னா பண்ணுச்சு உன்ன? போராட்டம் பண்ணது ஊரு. வாயத் தொறக்காதது நீ. அத ஊரு மேல போடாத.”

அவ்வளவுதான். பிறகு ரசம் வாங்கிச் சாப்பிட்டார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் படத்திறப்பன்று நான் பேசி இறங்கியதும் நரைத்த தலையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கும்பிட்டு, “சாமி, என்னத் தெரியுதா? வெள்ளச்சி. அன்னிக்கு நீங்களும் அந்தக் கூட்டத்துல போயி எங்களுக்காவக் கெஞ்சுனீங்களாமே. ஓடையில போவும்போது மாயவன் சாருதான் சொன்னாரு” என்றாள்.

உண்மை தெரிந்த பிறகும் மாயவன் அதைத் திருத்திச் சொல்லவில்லை. அத்தனை ஆண்டுகள் மலைக்குப் போய்வந்தும் சொல்லவில்லை. படத்திறப்புக் கூட்டத்தில் அதை அவளிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அடுத்த வாரம் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து அவள் கொல்லைக்குப் போனேன். கடுக்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடுக்காயைக் கிளறிவிட்டாள். பிறகு கேட்டாள். “அவரு ஏன் எங்கள்ட்ட சொல்லல?”

“தெரியலம்மா.”

“சொல்லியிருந்தா எம் வூட்டுக்காரரு அருவாளத் தூக்கிக்கினு எறங்கியிருப்பாரு. ஒங்கள வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பாரு. எனக்கு அதுக்கப்புறம் பொறந்தது மூணும் பொறந்திருக்காது.” கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். என்னைச் சாமி என்று அவள் கூப்பிடவில்லை. “நீ கெளம்பு. நாலு மணிக்கு பஸ்ஸு. இனிமே இந்தப் பக்கம் வராத.”

வரவில்லை. வரமாட்டேன்.

என் மனைவியிடம் இதைச் சொன்னபோது ‘பழசக் கிளறாதீங்க’ என்றாள். கண்ணன் சாவதற்கு முன்னால் ‘பயந்துட்ட, வுடுடா’ என்றார். நெருங்கியவர்கள் எல்லோரும் எனக்கு ஏதாவது ஒரு சாக்கைக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். மாயவன் மட்டும் தரவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை என்பதுதான் கோபம். ‘வாயத் தொறக்காதது நீ’ என்ற அந்த வாக்கியம் மட்டும்தான் அவரிடமிருந்து என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.